அம்மாவுக்கு அமுதா சொன்ன பதில்

தந்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். லீவில் செஞ்சிக்குப் போன அமுதா மூளைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். இதை எழுதும்போதும் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், கோபம் கோபமாக வருகிறது. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் போக அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். கல்லீரல் செல்லின் மேலிருக்கும் ரிசெப்டர்கள்தான் அவள் உலகம். ரத்தத்தில் பழசாகிப்போன புரதங்களைப் பிடித்து உள்ளே இழுக்கிற கைகள் அவை. "குடிச்ச எலிக்குக் கை இருக்குது, புடிக்கத்தான் தெம்பு இல்ல" என்பாள். குடியோடு கொழுப்பும் சேர்த்துக் கொடுத்த எலிகளின் கதி இன்னும் மோசம். நான் 'ஏறக்குறைய' என்று எழுதினால் விடமாட்டாள். "ஏறியிருக்குதா, குறைஞ்சிருக்குதா? ஒண்ணு சொல்லு."

அவளுடைய அப்பாவை அவள் நைனா என்பாள். அவர் செஞ்சி மார்க்கெட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்கியவர். வேலை முடிந்தால் சாராயக்கடை. வயிற்றில் கொழுப்பு இருந்தால் சாராயம் குடலைச் சுடாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் அமுதாவின் அம்மா ஆட்டுக்கொழுப்பை மிளகு போட்டு வறுத்து, அவர் கிளம்புமுன் ஊட்டாத குறையாகத் தின்னவைப்பார். குடியை நிறுத்தச் சொல்லி அலுத்துப்போன மனுஷி வேறென்ன செய்வார்? எலிகளில் செய்த சோதனையின் முடிவு வந்த வாரமே அமுதா ஊருக்கு ஓடி, வறுவலை நிறுத்தச் சொன்னாள்.

"வெறும் வயித்துல குடிச்சா குடல் வெந்துபூடும்டி. உனக்கு இன்னா தெரியும்?" என்றார் அம்மா. நிறுத்தவில்லை.

நைனா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்தார். சாவுக்கு நானும் போயிருந்தேன். கூட்டம் கலைந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வேணாம்னு சொன்னியே. நான் வறுத்துப் போட்டதாலதான் செத்தாரா? மறைக்காம சொல்லு."

அமுதா அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். "இல்லம்மா. கொழுப்பு கெடுக்கறதெல்லாம் எலிக்குத்தான். நைனாவக் குடிதான் கொன்னுச்சு."

திரும்பும் பஸ்ஸில் என்மேல் எரிந்து விழுந்தாள். "மனுஷனுக்கும் அப்படித்தான்னு யாரு நிரூபிச்சா? நான் சொன்னது தப்பில்லதானே?" திண்டிவனம் தாண்டியும் அதையே கேட்டாள்.

பிறகு அவள் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ததை எல்லோரும் மெச்சினீர்கள். ஒரு முறையாவது முடிவு மாறி வராதா என்றுதான் செய்தாள். வரவில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்தார். "நீ அவகூட வேல செஞ்சவ. அன்னிக்கு அவ என் மனசு ஆறட்டும்னு சொன்னாளா, நெசமாவே சொன்னாளா?"

"நெசமாதாம்மா" என்றேன்.

அவள் எலிகளை இனி நான் பார்த்துக்கொள்வேன். அவள் சொன்ன அந்தப் பதிலும் இனி என் பொறுப்பு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. செஞ்சிப் பக்கம் போகிறவர்கள் அவரைப் பாருங்கள், அமுதாவைப் பற்றி நிறையப் பேசுங்கள். இதை மட்டும் படித்துக் காட்டாதீர்கள்.