பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளடி

பாரிசவாதத்தில் விழுந்து எழும்பியவர்கள் வீட்டில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பார்த்து எழுதும் வேலை ஒன்று எனக்குச் சில மாதம் கிடைத்தது. இருத்தல், நிற்றல், நடத்தல் என்று தாளில் மூன்று கட்டங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளைப் பார்த்து ஒன்றில் புள்ளடி போட வேண்டும். கதைக்கக் கூடாது, உதவி செய்யக் கூடாது. வாயாடியான என்னை இதற்கு எடுத்தவரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கொக்குவிலில் ஒரு அன்ரி தனியாக இருந்தார். இடது கால் இழுபடும். கிழமைக்கு ஒருநாள் பயிற்சி கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வருவார். அன்ரி நன்றாக நடமாடுகிறார் என்று என் தாள் சொன்னால் அந்த வருகை நின்றுவிடும்.

முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். பிறகு வாழைப்பழம். பிறகு மின்விசிறியை என் பக்கம் திருப்ப வந்தார். காலை இழுத்து இழுத்து ஒரு தட்டு முறுக்கும் கொண்டுவந்தார். தாளில் நடத்தல், நடத்தல், நடத்தல்.

"அன்ரி, நான் இஞ்சை இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு இருங்கோ" என்று கெஞ்சினேன்.

"விசர்க்கதை கதையாதையும் பிள்ளை. வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோடை இருத்திவைக்கிறதே?"

அவர் நடந்ததெல்லாம் எனக்காக. அந்தத் தாளை மட்டும் கொடுத்தால் அவருடைய காலுக்கு நானே உலை வைத்தவளாவேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாடியில் இருந்து பார்க்கட்டுமா என்று அவரிடமே கேட்டேன்.

"ஓம், அங்கை இருந்து வடிவாப் பாரும்" என்று சிரித்தார்.

காலை எட்டு மணிக்கு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார். ஒன்பதுக்கும் அங்கேதான். மதியத்துக்குள் ஒரேயொரு முறை உள்ளே போய் வந்தார். புள்ளடி போடப் போட எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வருகிற ஆள் நான்.

விறுவிறுவென்று படியிறங்கிப் போய், விதியெல்லாம் மறந்து கேட்டேன்: "ஏன் அன்ரி விடியத் தொடங்கி ஒரே இடத்திலை இருக்கிறியள்? கால் விறைச்சுப் போகுமெல்லே?"

அவர் கோபிக்கவில்லை. "எழும்பலாம் பிள்ளை. எழும்பி ஆருக்கு என்ன செய்யிறது?"

இரண்டு நாள் தாள்களையும் சேர்த்தே கொடுத்தேன். அடியில் குறிப்புக்கென்று விட்டிருந்த சின்ன இடத்தில், 'ஆள் வந்தால் நடக்கிறார். வருகையை நிறுத்தாதீர்கள்' என்று எழுதினேன்.