ஜாம் ஆனால்தான் ஃபோகஸ்

போன வாரம் ஒரு டிராஃபிக் ஜாமுக்காகச் சாமி கும்பிட்டேன். சிரிக்காதீர்கள். திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு ஜாம் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை வருமா? வந்தது.

காரணம், கீழ் வீட்டுக் கலா. எங்கள் பக்கம் கொடியில் காய்ந்த துணியை உதறித்தான் மடிப்போம். உதறினால் கறுப்பாகப் பறக்கும். ஜன்னல் ஓரத்தைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கலாவின் சின்ன மகள் இதைச் சுவாசித்து, மாதம் தவறாமல் இழுப்பில் அவதிப்படுகிறாள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தார் கலா. ஓர் அதிகாரி வந்தார், ஜன்னலைப் பார்த்தார், எழுதிவிட்டுப் போனார்... சமையலறைப் புகையாம்.

"எங்க வூட்ல காஸ் அடுப்புதாண்ணா கீது. அதுல இன்னா கரி வரும்? குறைதீர் கூட்டத்துக்கு வான்றாரு. வெறுங்கையோட போனா மறுபடி அடுப்பத்தான் சொல்வாரு. நீதான் பூச்சி கண்ணெல்லாம் பெருசு பெருசா போட்டோ புடிக்கிறியே, இத்தயும் புடிச்சுக் குடு" என்றார்.

பூச்சிக் கண்ணுக்கு மேக்ரோ லென்ஸ் போதும். தூசிக்குப் போதாது. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும் குட்டி லென்ஸை — ஆப்ஜெக்டிவ் என்பார்கள் — தனியாக வாங்கிக் கேமராவில் மாட்ட வேண்டும். ரொம்ப சுலபம் என்று இன்டர்நெட்டில் வீடியோ போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் எல்லோரும் ஏதோ மலையடிவாரத்தில் வசிக்கிறார்கள் போலிருக்கிறது.

லென்ஸ் வந்தது. கட்டைவிரல் அளவு. மேலே பத்து என்றும், படுத்துக்கிடக்கும் எட்டு ஒன்றும் பொறித்திருந்தது. பத்து என்றால் பத்து மடங்கு. எட்டு? டிசைன் என்று நினைத்துக்கொண்டேன். கலா வீட்டு ஜன்னல் தூசியைக் கண்ணாடித் துண்டில் தட்டி வைத்து, லென்ஸை வெறும் குழாயால் கேமராவில் மாட்டிப் பார்த்தால் ஒரே பனிமூட்டம். அரை நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் மேனுவல் என்ற மகத்தான இலக்கியத்தைப் புரட்டினேன். அது இன்ஃபினிட்டி குறியாம். இந்த லென்ஸ் தனியாகப் பிம்பம் காட்டாது, பின்னால் இன்னொரு லென்ஸ் வேண்டும் என்று அர்த்தமாம். என் 200 எம்எம் டெலிஃபோட்டோவின் முன்னால் ஒரு வளையம் போட்டுத் திருகினேன். தூசி தெரிந்தது.

தெரிந்தது... வட்டமாக. சுற்றிலும் இருட்டு. என்னுடையது ஃபுல் ஃப்ரேம் கேமரா. படம் விழும் சென்சார் பெரிதாக இருப்பதுதான் கௌரவம் என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கியது. ஆப்ஜெக்டிவ் பாவம், மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. அது காட்டும் வட்டம் சின்னது, என் கௌரவத்தின் மூலைகளுக்கு எட்டவில்லை. என் மனைவி அலமாரியைத் திறந்து, சின்ன சென்சார் உள்ள பழைய கேமராவை எடுத்து நீட்டினாள். மூலை வரைக்கும் படம் நிறைந்துவிட்டது.

அப்புறம் என்ன, கிளிக் செய்ய வேண்டியதுதானே? அங்கேதான் நம் ஏரியா குறுக்கே வந்தது. இந்த உருப்பெருக்கத்தில் ஒரு தலைமுடியின் பருமன்கூட முழுசாக ஃபோகஸில் நிற்காது. இம்மி இம்மியாக நகர்த்தி ஏகப்பட்ட படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்க வேண்டும். வாசலிலோ துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். ஒன்று நகர்ந்தாலே வீடு அதிரும், தூசி ஃப்ரேமை விட்டு ஓடிவிடும். ட்ரைபாடுக்கு அடியில் தலையணை, யோகா மேட் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று.

ஜாம் ஆனால்தான் லாரி நிற்கும். டிரைவர்களும் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மகளின் ஸ்கூல் ஆட்டோ மாட்டிக்கொள்கிறதே என்று தினமும் ஜாமைத் திட்டும் கலா, என் பால்கனியில் நின்று அதற்காகவே காத்திருந்தார்.

"ண்ணா, போர்ட் கேட்டாண்ட மடக்கிட்டானுங்க. ரோடு ஃபுல்லா நின்னுகினு கீது. சீக்கிரம் புடி."

"நடுவுல ஒண்ணு கிளம்பிட்டா?"

"நான் போய் குறுக்க நிக்கிறேன். நீ புடி."

எடுத்தேன். ஒன்றாக்கிப் பார்த்தால், கரித்தூளுக்கு நடுவே பளபளவென்று உருண்டைகள். கண்ணாடி மணிகள். காஸ் அடுப்பில் எந்த ஜென்மத்திலும் இப்படி வராது. பெரிய உலையில் நிலக்கரியை எரித்தால், சாம்பல் உருகி இப்படி உருண்டையாகும். எந்தப் புகைபோக்கி என்று படம் சொல்லாது. கலாவின் அடுப்பு இல்லை என்று சொல்லும். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

குறைதீர் கூட்டத்தில் அதே அதிகாரி. படத்தை வாங்கி, ஆசை ஆசையாகப் பார்த்தார்.

"பியூட்டிஃபுல் சார். முத்து மாதிரி இருக்கு. ஆபீஸ் ஹால்ல மாட்டலாம், பெரிய பிரிண்ட் கிடைக்குமா?"

நான் அரை நொடி பூரித்துப்போனேன். கலைஞனாயிற்றே.

கலா பூரிக்கவில்லை. "மாட்டு சார். பக்கத்துல எம் பொண்ணு எக்ஸ்ரேவையும் மாட்டு. அதுவும் நல்லா வந்துகீது."

அதிகாரி பேனாவை எடுத்தார். 'சமையலறைப் புகை' என்பதை அடித்தார். அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்... அதுவரை கலாவின் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.