மோட்டார் அக்காவும் கடைசி வீட்டுக் குழாயும்

அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் திருட்டு மோட்டார் இருந்தது. கடைசி வீட்டில் மட்டும்தான் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அத்தனையையும் பொருத்திக் கொடுத்தவளே அவள்தானே!

அவளை எல்லாரும் மோட்டார் அக்கா என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரோரம் செப்புக் கம்பிச் சுருள்கள், ஜன்னலோரம் வார்னிஷ் டப்பா, நடுவில் வயிறு திறந்து கிடக்கும் ஏதாவது ஒரு மோட்டார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு வைண்டிங் கடையில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். அவள் கம்பி சுற்றிக் கொடுத்தால் அந்த மோட்டார் லேசில் மறுபடி அவளிடம் வராது. அதனாலேயே அவள் பெரிய வசதிக்கு வரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

கைவேலையைவிட அவளுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது அவள் வாய். அதாவது, மூடியே இருக்கும் வாய். அவள் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். சரியான ஓட்டை வாய். காலையில் அவர் காதில் விழுந்த சேதி, முதல் நடை முடிவதற்குள் கடைசி நிறுத்தத்தில் இறங்கிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, அவள் எதையும் வெளியே விடமாட்டாள்.

அந்த ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். தெருவோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற தெரு. மேட்டில் முதல் வீடு பெரிய டீச்சருடையது. பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஊர்க் குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி இழுப்பது குற்றம், பிடிபட்டால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். மனம் கேட்காமல் இவளும் பொருத்திக் கொடுத்தாள்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக் குழாய் இளைத்துப்போனது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து தலையைச் சொறிந்தார். அவருக்கும் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் மருந்துக்கடைக்காரர். அவருக்கும் ஒன்று. இப்படியே நோயையும் கொடுத்து மருந்தையும் கொடுத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கி வந்தாள். எல்லாரும் கடைசியில் ஒரே வரியைத்தான் சொன்னார்கள்: "காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும் அக்கா." கணவருக்குக்கூடத் தெரியாமல் தன் வீட்டுக்கும் ஒன்று வைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் வைத்தவள் தனக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பாளா?

மறைத்து வைத்த அழகைச் சொல்ல வேண்டும். டீச்சர் வீட்டில் செருப்பு அலமாரிக்குள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் குளுகோஸ் அட்டைப் பெட்டிக்குள். தையல்காரர் தையல் மேசைக்கு அடியில் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார். தண்ணீர் வரும் காலைகளில் மோட்டார் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று, ஊசிக்குக் கீழே துணியே இல்லாமல் தையல் மிஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருப்பார். பாவம், எவ்வளவு உழைப்பாளி என்று தெருவே அவரைப் பாராட்டியது.

கடைசி வீடு அவளுடைய தங்கையின் வீடு. தெருவின் அடிப்பள்ளத்தில், சாக்கடை திரும்பும் இடத்தில் இருந்தது. அம்மா இறந்த பிறகு தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் செய்து கொடுத்ததுவரை எல்லாம் அக்காதான். ஆனால் மோட்டார் பேச்சை எடுத்தபோது தங்கை முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள்: "திருட்டுத் தண்ணி எனக்கு வேணாம்க்கா. வர்றது வரட்டும்."

வந்தது மஞ்சள் காமாலை. தங்கையின் ஐந்து வயது மகளுக்கு. நாளெல்லாம் வாய் ஓயாத குழந்தை, கண்ணெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு படுத்துவிட்டது. "தண்ணியாலதான் வந்திருக்கு. கொதிக்க வைக்காம ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க" என்றார் மருத்துவர். தங்கை கொதிக்க வைத்துத்தான் கொடுத்துவந்தாள். ஆனால் குளிக்கும்போது குழந்தை கையில் பிடித்துக் குடித்தால் யாருக்குத் தெரியும்?

குழாயில் சாக்கடை வாடை அடிக்கிறது என்று புகார் கொடுத்ததும் நகராட்சி ஃபிட்டர் வந்தார். தோண்டினார், சாக்கடையோரம் விரிசல் விட்ட ஓர் இணைப்பைச் சரிசெய்தார். சில நாள் நன்றாக இருந்தது. மறுபடி அதே வாடை. "பழைய பைப்புங்க. எங்கெங்க விட்டிருக்கோ, தெருவையே தோண்டினாத்தான் தெரியும்" என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

குழந்தை ஒருவழியாகத் தேறி எழுந்து உட்கார்ந்த அன்று தங்கை சொன்னாள்:

"அக்கா, அவர் வேலை பாக்கற ஊர்லயே வீடு பாத்துட்டாராம். மாசக் கடைசியில கிளம்பிடலாம்னு இருக்கோம். இன்னொரு தடவை இவளுக்கு வந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது."

மோட்டார் அக்காவுக்கு "போகாதடி" என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? குழந்தையைக் காட்டி அல்லவா அவள் கிளம்புகிறாள்!

அடுத்த தண்ணீர் நாளில் குழந்தையைப் பார்க்கக் காலையிலேயே போனாள். தங்கை பின்கட்டில் குழாயைத் திறந்து வைத்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குழந்தை குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து, அதன் வாயில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, இங்க பாரேன். குழாய் எனக்கு முத்தம் குடுக்குது."

சிரித்துக்கொண்டே அவளும் கையை வைத்தாள். குழாய் அவள் உள்ளங்கையைக் கவ்வி இழுத்தது. கையை எடுத்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இழுப்பது அவளுடைய தொழில். அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் டீச்சர் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்றால் குழாய் கிடைத்ததை இழுக்கும். குழாய் வாய் திறந்திருந்தால் காற்று. மூடியிருந்தால்? சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கும் விரிசல்கள் வழியாக, அந்தச் சாக்கடையை. மேலே மோட்டார்கள் நின்றதும், உள்ளே புகுந்தது மிச்சத் தண்ணீரோடு கலந்து பள்ளத்துக்கு இறங்கும். இறங்குகிற இடம் இந்த வீடு.

தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

மறைக்கத் தோன்றவில்லை. அத்தனை வருஷமாக யாரிடமும் திறக்காத வாய் தங்கையிடம் திறந்தது. சொல்லி முடித்தபோது தங்கை குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல்லார் வீட்லயுமா?"

"எல்லார் வீட்லயும்தான். என் வீட்லயும்."

"நீ வச்சதா?"

"நான் வச்சதுதான்."

தங்கை திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலையே மோட்டார் அக்கா மேட்டுக்கு ஏறினாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் ஒருத்தி வச்சிருக்கறதாலயா ஊர்ச் சாக்கடையெல்லாம் குழாய்ல வருது? நல்லா இருக்கே!" என்றார். நீங்கள் ஒருத்தி மட்டும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எப்படிச் சொல்வது? வாக்கு கொடுத்திருக்கிறாளே! தையல்காரரும் அதையேதான் கேட்டார்: "என் ஒரு மோட்டாரை நிறுத்திட்டா சரியாப் போயிடுமா அக்கா?" அவருக்கு வேறு மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையை இவர் குழாய்த் தண்ணீரில்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் கணவர், "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? என்கிட்ட சொல்லேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவரிடம் சொன்னால் போதும், ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும் என்றுகூட நினைத்தாள். ஆனால் செய்தவள் அவள். அடுத்தவர் வாயால் அது வெளியே வருவது சரியில்லை என்று பட்டது.

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்: "உங்க மோட்டார் சத்தம் கொஞ்சம் வெளிய கேக்குது. காசு வேணாம், சும்மாவே சரிபண்ணித் தரேன். கழட்டி, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறைக்குக் கொண்டாந்துடுங்க. யாரும் இருக்கமாட்டாங்க." சத்தம் வெளியே கேட்கிறது என்ற ஒரு வார்த்தை போதும். எல்லாரும் உடனே தலையாட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் முதலில் தன் மோட்டாரைக் கழற்றிப் பட்டறை நடுவில் வைத்தாள். ஆறு மணிக்குத் தையல்காரர் ஒரு பெரிய துணி மூட்டையோடு உள்ளே நுழைந்தார். அவர் பின்னாலேயே குளுகோஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர்.

"என்ன, குளுகோஸா?"

"ஆமா. உங்களுக்கு என்ன, துணியா?"

"துணிதான்."

துணி மூட்டை கையிலிருந்து நழுவித் தரையில் ணங்கென்று விழுந்தது. அதற்குள் ஒருவர் காய்கறிப் பையோடு, ஒருத்தி குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசியாகப் பெரிய டீச்சர் செருப்புப் பெட்டியோடு. முன்னறை நிரம்பி வாசல்வரை வந்துவிட்டது. எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். பணி முடிந்து வந்த கண்டக்டர், வழியை மறித்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார்: "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!"

யாரோ சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "எங்க மானத்தை வாங்கத்தான் கூப்பிட்டியா?" என்றார்.

"இல்ல டீச்சர். பொய் சொல்லித்தான் வரவச்சேன், மன்னிச்சுக்கங்க. என் தங்கச்சி மகளுக்குக் காமாலை வந்ததுக்கு நான்தான் காரணம். நான் மட்டும்தான்னு சொல்லத்தான் ஆசை. ஆனா இங்க பாருங்க, இத்தனை மோட்டாரும் ஒண்ணா இழுத்தா அந்தக் குழாய் என்ன பண்ணும்? சாக்கடையத்தான் இழுக்கும். அதைத்தான் நாம எல்லாரும் குடிச்சுக்கிட்டு இருக்கோம்." குனிந்து தன் மோட்டாரைத் தொட்டுக் காட்டினாள். "நாளைக்குத் தண்ணி நாள். ஒரே ஒரு நாள் இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். தண்ணி வரலைன்னா நானே தூக்கிட்டு வந்து மாட்டித் தரேன்."

 தையல்காரர்தான் முதலில் மூட்டையைப் பிரித்து, தன் மோட்டாரை அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் சும்மா மிதிச்சு மிதிச்சுக் கால் விட்டுப்போச்சுக்கா" என்றார். அப்போதுதான் தெருவுக்கு அந்த உழைப்பின் ரகசியம் புரிந்தது. அந்தச் சிரிப்பிலேயே மற்றவையும் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. டீச்சர் மட்டும் வரிசைக்கு வராமல், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை தெரு அமைதியாக இருந்தது. தங்கையின் குழாய் முதலில் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தண்ணீராகக் கொட்டத் தொடங்கியது. சன்னமாக இல்லை, குடம் நிறைந்து வழிந்தது. தங்கை அக்காவிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் இன்னொரு குடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

குழாயில் தண்ணீர் முழுதாக ஓடியதும் எங்கெல்லாம் விரிசலோ அங்கெல்லாம் தண்ணீர் பொங்கித் தெரு ஈரமானது. ஃபிட்டருக்குத் தேடும் வேலை மிச்சம். ஈரம் பட்ட இடமாகப் பார்த்துத் தோண்டி, புது இணைப்பு போட்டார். நகராட்சியிலிருந்து வந்து தண்ணீர் மாதிரி எடுத்துப் போனவர்கள், இரண்டாவது தடவையும் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள். நடுவில் மருந்துக்கடைக்காரர் மனம் கேட்காமல் ஒருநாள் மோட்டாரை எடுத்துப் போய் மாட்டினார். சத்தமில்லாத தெருவில் அவருடைய ஒரு மோட்டார் மட்டும் ஊரைக் கூட்டியது. தையல்காரர் போய்க் கதவைத் தட்டியதும், அன்றைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

டீச்சர் வீடுதான் சிரமப்பட்டது. மேட்டு வீடு, தண்ணீர் மாடிக்கு ஏறாதது மட்டுமல்ல, கீழேயே நூலாகத்தான் வந்தது. மாதக் கடைசியில் ஒரு காலை, மோட்டார் அக்கா தங்கை வீட்டில் இருந்தபோது, வாசலில் டீச்சர் நின்றார். இரண்டு கையிலும் காலிக் குடங்கள். பள்ளத்திலிருந்த தங்கை வீட்டுத் தண்ணீரை அதுவரை தெருவில் ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

"அவரைக் குளிப்பாட்டணும்மா. எங்க வீட்ல ஏற மாட்டேங்குது" என்றார். கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு கூசியது என்று முகத்தில் தெரிந்தது.

தங்கை ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு போய்க் குடங்களை வாங்கி, ஒன்றைக் குழாயடியில் வைத்தாள்.

"இதுக்கு ஏன் டீச்சர் தயங்கறீங்க? தண்ணி வர்ற அன்னிக்கெல்லாம் வந்து புடிச்சுக்கங்க. நாங்க எங்க போகப்போறோம், இங்கதான் இருப்போம்."

மோட்டார் அக்கா அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். தன்னிடம் சொல்லாமல் டீச்சரிடம் சொல்கிறாளே என்று கோபமாகக்கூட வந்தது. கோபத்தோடு கண்ணீரும் வந்தது. யாரும் பார்ப்பதற்குள் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், ஒண்ணை நான் கொண்டாரேன்" என்று மேட்டில் ஏறத் தொடங்கினாள்.