புகைக்குள் விழுந்த கோல்

அண்ணனின் இறுதி ஊர்வலத்தில் ஏன் ஒரு வேட்டுகூடப் போடவில்லை என்று வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டீர்கள். மீதிப் பேர் கேட்கவில்லை. "தம்பிக்காரன் கஞ்சன்" என்று உங்களுக்குள் பேசி முடித்துவிட்டீர்கள். அதுவும் என் காதில் விழுந்தது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கிற ஊரில் ஒரு பெரிய சாவு சத்தமில்லாமல் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வேட்டு வாங்கி வைத்திருந்தோம். சாக்கைப் பிரிக்கும்போது மதினி வாசலுக்கு வந்தார்.

"அவிய தலைக்கு மேல ஒரு வெடி வெடிக்கப்படாது. வெடிச்சவன் இந்த வாசல மிதிக்கப்படாது."

பிரித்த சாக்கை அப்படியே கட்டிவைத்தோம். காரணம் சொல்ல அன்று நேரமில்லை. வருஷம் திரும்பிவிட்டது. அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, இப்போது சொல்கிறேன். நினைவு மலர் என்றால் மரியாதையாக எழுத வேண்டும் என்று பெரியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். முயற்சி செய்கிறேன். நடுவில் கோபம் வந்தால், அது அண்ணனிடம் கற்றதல்ல, என் சொந்தச் சம்பாத்தியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிச் சிற்றூரில். அந்த ஊர்ப் பக்கம் பிறந்துவிட்டு, தோற்றதற்காகவே பேர் வாங்கிய ஒரே மனிதர் அண்ணன்தான் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கடன் என்றிருந்த வீடு. அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அண்ணன் மீசை முளைக்கும் முன்பே கோவில்பட்டிக்கு வந்து, தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற கம்பெனியில் லாரிக்குச் சுமை ஏற்றும் வேலையில் சேர்ந்தார். அடுத்து என்னைக் கூட்டி வந்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார்.

சுமை ஏற்றுகிற இடத்தில் ஒரு முறை உண்டு. கீழே இருக்கிறவர் தீப்பெட்டிப் பண்டலை வீசுவார், லாரி மேலே நிற்கிறவர் பிடித்து அடுக்குவார். பண்டல் தவறி விழக் கூடாது. விழுந்தால் உள்ளே குச்சி உரசி என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அண்ணன் மேலே நின்றால் ஒன்றும் விழாது. முன்னால் வந்தாலும் பக்கவாட்டில் வந்தாலும் நெஞ்சோடு சேர்த்து வாங்கிவிடுவார். கம்பெனி முதலாளி இதை ஒருநாள் நின்று பார்த்தார். அவருக்குக் கால்பந்துப் பைத்தியம். விளையாடுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்து ஒரு டீம் வைத்திருந்தார். அப்படித்தான் அண்ணன் கோல்கீப்பர் ஆனார். "தம்பிக்கும் இடம் கொடுத்தால்தான் வருவேன்" என்று அவர் சொன்னதால் நான் மாற்றுக் கோல்கீப்பர் ஆனேன். அண்ணன் விளையாடிய காலம் முழுக்க நான் மைதானத்துக்குள் ஓடியது தண்ணீர்ப் பானையோடு மட்டும்தான். அதையும் ஒருமுறை உடைத்தேன்.

அந்த டீமின் பெரிய ஆட்டங்களை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள். முதல் மழையன்று மதுரை டீம் வந்தது நினைவிருக்கும். கரிசல் நனைந்தால் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பூட்ஸிலும் பொங்கல் பானை அளவுக்கு மண் ஏறி, ஒருவர் பூட்ஸைச் சேற்றிலேயே விட்டுவிட்டு ஓடினார். அன்று அண்ணன் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. கோடையில் நிலம் வெடித்துக் கிடந்தபோது நாகர்கோவில் டீமோடு நடந்த ஆட்டத்தில், பந்து வெடிப்பில் தட்டித் திசைமாறிப் போக, அண்ணன் விழுந்த பக்கத்திலிருந்து எழுந்து மறுபக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று துண்டைச் சுழற்றியது.

இப்படி வாங்கிய பேரெல்லாம் ஒரே சாயங்காலத்தில் போனது.

அது எங்கள் மைதானத்தில் நடந்த கோப்பை இறுதி ஆட்டம். எதிரே தூத்துக்குடி டீம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தால் சரவெடி, அதன் முதல் திரியை முதலாளி கையால்தான் வைக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. சரத்தை எங்கள் கோலுக்குப் பின்னால் நீளமாக விரித்து வைத்திருந்தார்கள். முதலாளி ஊதுபத்தியோடு தயாராக நின்றார்.

தூத்துக்குடிக்காரர் ஒருவரை எங்கள் ஆள் தட்டிவிட்டதற்கு நடுவர் விசில் ஊதினார். வெறும் ஃபவுல். முதலாளிக்கு அது கடைசி விசிலாகப் பட்டது. குனிந்தார். வைத்தார்.

எங்கள் கம்பெனிச் சரக்கு பாதியில் அணைந்ததாகச் சரித்திரமே கிடையாது. அன்றும் அணையவில்லை. மேல்காற்று வேறு. மொத்தப் புகையும் கோலுக்குள் இறங்கியது. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்றே வெளியில் தெரியவில்லை. அந்தப் புகைக்குள் தூத்துக்குடிக்காரர் ஃப்ரீ கிக் அடித்தார். புகை விலகியபோது பந்து வலைக்குள் கிடந்தது. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பந்து எங்கே என்று இன்னும் முன்னால் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் நடுவரைச் சூழ்ந்தார்கள். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், அசரவில்லை. "வெடி உங்க ஊருது, புகையும் உங்க ஊருது. அப்ப கோலும் உங்க தலையிலதான்" என்று கையைக் காட்டிவிட்டார். கூடுதல் நேரத்தில் இன்னொன்று விழுந்தது. கோப்பை தூத்துக்குடிக்குப் போனது.

மறுநாள் கம்பெனியில் டீமை வரிசையாக நிறுத்தி முதலாளி கேட்டார்: "கீப்பர் கண்ணு எங்கவே இருந்துச்சு?"

சொந்தங்களே, நீங்களே சொல்லுங்கள். திரியை வைத்த கை அவருடையது. ஊரே பார்த்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தார். கீப்பர் பூட்ஸ். அந்த நகம் இன்றுவரை சரியாக முளைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "என்னத்துக்கு மிதிச்சீங்க?"

"ஏலே, மனுசன் கோவிச்சுக்கிட்டு டீமக் கலைச்சாருன்னா பதினோரு வீட்டுல அடுப்பு எரியாது. என்னைய ஒருத்தன வஞ்சா என்ன கொறஞ்சு போச்சு?"

"பதினோரு வீடு இல்ல. என்னையும் சேருங்க."

"நீ என் வீட்டுலதானலே திங்க?"

அண்ணனை டீமிலிருந்து எடுத்து மறுபடி லாரி மேல் ஏற்றினார்கள். கையுறை எனக்கு வந்தது. முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கினேன். வேலை முடிந்து பார்க்க வந்திருந்த அண்ணன் அமைதியாகக் கேட்டார்: "பொகையே இல்லாம அஞ்சாலே?"

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை லாரி மேல்தான். டீக்கடையில் யாராவது "கோல விட்ட கீப்பர்" என்று விரலை நீட்டினால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார். அன்று மட்டும் மதினி, "அத சொன்னவுக வீட்டுக்கு எம்பிள்ளைய அனுப்பமாட்டேன்" என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியது. கட்டிலில் சாய்ந்தபடி போனில் எந்த நாட்டு ஆட்டமோ பார்ப்பார். பந்து வலைக்குள் போனால், அடித்தவரைப் பார்க்க மாட்டார். "பாவம், கீப்பர்" என்பார். அப்படி ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நானும் அண்ணனைப் போலப் பேசாமல் இருந்திருப்பேன். விடவில்லையே! டீமுக்குப் பொன்விழாவாம். முதலாளி காலமாகிவிட்டார், அவர் மகன்தான் இப்போது செயலாளர். 'மறக்க முடியாத ஆட்டங்கள்' என்று மைதானத்துச் சுவரில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். மதுரை ஆட்டம் இருக்கிறது, நாகர்கோவில் ஆட்டம் இருக்கிறது. இரண்டிலும் அண்ணன் பேர் இல்லை. கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அங்கே மட்டும் அண்ணன் பேரை முழுசாகப் போட்டு, அவருடைய 'கவனக்குறைவால் கைநழுவிய கோப்பை' என்று எழுதியிருக்கிறது.

நானும் மதினியும் செயலாளரைப் பார்க்கப் போனோம். தனியாகப் போகவில்லை. அன்று அந்தப் பந்தை அடித்த தூத்துக்குடி அண்ணாச்சியும் வந்தார். அண்ணன் இறந்த அன்று பஸ் பிடித்து வந்து, கடைசிவரை நின்றவர். மதினி அவரை அந்தச் சாவு வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

அண்ணாச்சி செயலாளரிடம் சொன்னார்: "தம்பி, நான் கோல் அடிக்கவே இல்ல. பொகையில கண்ணு எரிஞ்சுது, பந்த எங்கிட்டோ தள்ளிட்டு மூஞ்சியத் தொடச்சேன். தொறந்து பாத்தா எல்லாவனும் எம்மேல விழுந்து கட்டிப்பிடிக்கான். என்னத்துக்குன்னே தெரியல. அத அவரு விட்ட கோலுன்னு எழுதாதீங்க. எனக்கே கூச்சமா இருக்கு."

செயலாளர் நெளிந்தார். "பெரியவங்க விஷயம் அண்ணாச்சி. பழசக் கிண்டாதீங்க. வேணும்னா அந்த ஆட்டத்தையே அழிச்சிருதேன்."

மதினி சொன்னார்: "அழிக்காண்டாம். நடந்தத எழுதுங்க. உங்க அப்பா பேரும் வேண்டாம், அவிய போட்ட சோத்த நாங்களும் தின்னுருக்கோம். வெடிப் பொகையில கண்ணு தெரியலன்னு மட்டும் எழுதுங்க."

"வெடின்னு எழுதுனா, யாரு வச்ச வெடின்னு கேப்பாங்கள்லாம்மா?"

"கேக்கட்டுமே. என் வீட்டுக்காரரக் கேக்கலியா இத்தன வருசமா?"

அழிக்கிறேன் என்றவரும் டீம் கமிட்டியும் கடைசியில், பலகை செய்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பந்தை அடித்தவரே வந்து சொல்லியும் நம்பாத கமிட்டி, ஊதுபத்தி பிடித்த அப்பாவை மட்டும் காப்பாற்றுகிறது. செத்தவர் திரும்பி வந்து பேசமாட்டார் என்ற தைரியம். உயிரோடு இருந்தபோதும் பேசாதவர்தானே!

எழுத்து நீண்டுவிட்டது. நன்றி சொல்ல வேண்டியவர்களை விடக் கூடாது. அண்ணனின் கடைசி வாரங்களில் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் முகம் சுளிக்காத செவிலியப் பிள்ளைகளுக்கு நன்றி. அண்ணனுக்குப் போர்த்த, புதியம்புத்தூரிலிருந்து, கீப்பராக அவர் போட்டது போலவே பச்சை ஜெர்சி தைத்துக் கொண்டுவந்த தங்கை மகளுக்கு நன்றி. எதிர் டீமிலிருந்து வந்து எங்கள் பக்கம் நின்ற தூத்துக்குடி அண்ணாச்சிக்கு என்ன சொல்வது? எங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பலகைக்குத் திறப்பு விழா இன்று சாயங்காலம். யார் நாள் பார்த்தார்களோ! மதினி போகிறார். "நான் சண்டைக்குப் போகல. அவிய பேரு இருக்க எடத்துக்கு முன்னால நிக்கப் போறேன், அவ்வளவுதான்" என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள். மதினிக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். கோஷம் வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம். பலகையை மறைத்து நிற்கிற எங்களை நகரச் சொல்ல வேண்டுமானால், எதற்காக நிற்கிறோம் என்பதை அவர்களே மைக்கில் சொல்லட்டும்.