ஈரம் ஏறாத பந்துகள்

எங்கள் டென்வர் மைதானத்தின் அடித்தளத்தில் பந்துகளுக்கென்றே ஓர் அறை உண்டு. இருபத்தோரு வருடமாக அது வெண்டலின் பொறுப்பு. இந்த மலைக்காற்று பேஸ்பாலைச் சருகாகக் காயவைத்துவிடும். காய்ந்த பந்து மட்டையில் பட்டால் வேலியைத் தாண்டித்தான் விழும். அதனால் புதுப் பந்துகளை ஈரப்பதம் குறையாத அந்த அறையில் இரண்டு வாரம் வைத்த பிறகே வெண்டல் ஆட்டத்துக்குக் கொடுப்பார். அவற்றில் சேறு தேய்த்து வழுக்கலை எடுப்பது என் வேலை.

மனைவி லொரெய்னை அடக்கம் செய்த மறுநாளே, புதன்கிழமை, மனுஷன் வேலைக்கு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், வீட்ல உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டு வாய்யா!”

“அழுகை வரலை ரூடி. எதுவுமே வரலை. பசிகூட வரலை.”

அன்று வந்திறங்கிய பெட்டிகளைப் பின்வரிசையில் அடுக்குவதற்குப் பதில் முன்வரிசையில் அடுக்கிவிட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் போவது முன்வரிசைதான். சேறு தேய்த்தபோதாவது அவை காய்ந்தவை என்று என் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன கை!

சனிக்கிழமை மதியம் எங்கள் பக்கம் பந்து வீசியவன் கோல்பி. இன்று சொதப்பினால் கீழ்நிலை அணிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவன் வீசியதில் நான்கு பந்துகள் வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. அவ்வளவுதான்.

ஞாயிறு காலை காலிப் பெட்டிகளில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு வெண்டல் என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“மூணே நாள்தான் உள்ள இருந்திருக்கு. அந்தப் பையன் பொழப்பைக் கெடுத்துட்டேன்.”

“வாய மூடிக்கிட்டு இருய்யா! வேலை போயிடும்.”

“போகட்டும்.”

உடைமாற்றும் அறையில் கோல்பி பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெண்டல் எல்லாவற்றையும் சொன்னார்.

“உன் மேல தப்பில்ல தம்பி. இப்பவே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடுறேன்.”

கோல்பி பையை இழுத்து மூடினான்.

“அண்ணே, எதிர் டீம்ல வீசினவனுக்கும் அதே பந்துதானே?”

“ஆமா.”

“அவன் வீசினதுல எத்தனை பந்து வேலியைத் தாண்டிச்சு?”

வெண்டல் யோசித்தார். “ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் என்ன? விடுங்க. நான்தான் சரியா வீசலை.”

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். வெண்டல் அங்கேயே நின்றார்.

“இதாவது என்னால நடந்துச்சுன்னு நெனச்சேன் ரூடி,” என்றார். “காலையில அந்தத் தேதியப் பாத்தப்போ, அவ போனதுக்கப்புறம் மொத தடவையா நெஞ்சு வலிச்சுது. இப்ப அதுவும் இல்ல.”