ஆடிக்கு முன் வாங்கிய மெஷின்

செஞ்சியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைக்க வங்கிக் கடன் கேட்டிருந்தேன். கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், டிப்ளமோ சான்றிதழ் என்று ஆறு முறை அலைந்தாயிற்று. அதற்குள், "ஆடி பொறந்துட்டா எதுவும் வாங்கக் கூடாதும்மா" என்று நைனா, வேர்க்கடலை விதைக்கு வைத்திருந்த பணத்தில் வைண்டிங் மெஷினை வாங்கிவந்து பொட்டும் வைத்துவிட்டார்.

வங்கி மேனேஜர் பில்லைப் பார்த்தார். "வாங்கின மெஷினுக்குக் கடன் கிடையாதும்மா. நாங்கதான் மெஷின் விக்கிற கடைக்கு நேரா பணம் அனுப்பணும்."

விதைப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. மெஷினை ஏற்றிக்கொண்டு விற்ற கடைக்கே போனோம்.

"பொட்டு வெச்சத எவன்மா வாங்குவான்?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். ஆனாலும் பில்லை ரத்து செய்து பணத்தைக் கொடுத்தார்.

கடன் ஆடியில்தான் வந்தது. மெஷினும் அப்போதே வந்தது. வங்கியின் விதி எனக்கு முன்பே தெரியும், நைனாவிடம்தான் சொல்லவில்லை. இப்போது வங்கிக்கு அவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.