ஆயுத பூஜைக்குத் துடைத்த ஹார்டு டிஸ்க்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தாராவி பட்டறையில் தையல் மிஷின், கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சில வருஷமாகக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு உண்டு. அந்தத் தடவை என் தம்பி ஒரு படி மேலே போனான். தோல் பை டிசைன்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் அடித்துவிட்டான்.

"வெளிய மட்டும் தொடச்சா போதுமாண்ணே? உள்ளயும் சுத்தமா இருக்கணும்லா!" என்று சிரித்தான்.

அதில்தான் அப்பா இருந்தார். சாவதற்கு முந்தின மாதம் நான் போனில் எடுத்த நாலு நிமிஷ வீடியோ. டீயில் சர்க்கரை இல்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார், வேறொன்றுமில்லை. அந்தப் போனும் லோக்கல் ரயிலில் திருட்டுப் போய்விட்டது. அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் கிடையாது.

"ஏல, கோட்டிப்பயலே! அப்பாவத் தொடச்சிட்டியேல!"

"ஃபோல்டர்ல 'பழசு'ன்னு போட்டிருந்துச்சுண்ணே..." அழுதுவிட்டான். அந்தப் பெயரை வைத்தவன் நான். அந்த நேரத்தில் அதை ஒப்புக்கொள்வேனா?

அன்றே நெட்டில் தேடி, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அதே டிஸ்க்கில் இறக்கினேன். அது தோண்டிக் கொடுத்த கண்ட குப்பையையும் அதிலேயே சேமித்தேன். இரண்டு நாள் கண் எரிய உட்கார்ந்தும் வீடியோ வரவில்லை. தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டு, மறுவாரம் டிஸ்க்கை மாட்டுங்காவில் டேட்டா மீட்டுத் தரும் தமிழர் ஒருவரிடம் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "உங்க தம்பி பண்ணினதுல ஒண்ணுமே போகலை சார். புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்ச மாதிரி. பக்கமெல்லாம் அப்படியே இருந்திருக்கும். அன்னிக்கே ஆஃப் பண்ணி எடுத்துண்டு வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். நீங்கதான் அது மேலயே எழுதித் தள்ளிட்டேள்."

"கொஞ்சமாவது வராதா? குரல் மட்டும்?"

"மேல எழுதிட்டா, அடியில இருந்தது போனது போனதுதான்."

வீடு திரும்பவே பிடிக்கவில்லை. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல் ஆத்திரம். பட்டறை வாசலில் தம்பி காத்து நின்றான். அவன் சரியாகச் சாப்பிட்டே பத்து நாளுக்கு மேலாகிறது என்று அவன் பெண்டாட்டி சொல்லியிருந்தாள்.

"கெடைச்சிட்டாண்ணே?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. பாழாய்ப்போன நாக்கு!

"இல்ல. நீ அழிச்சது அழிச்சதுதான்" என்றேன்.

அவன் அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. பூஜைக்கு நான்தான் அதைத் துடைத்துப் பொட்டு வைக்கிறேன். அவன் தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்கிறான்.